சோகமா, ஆபாசமா, ஆகாயமா? ‘ப்ளூ’ படுத்தும் பாடு

கேள்வி: ஆங்கிலப் படங்களுக்கும் தொடர்களுக்கும் தமிழில் சப்டைட்டில் எழுதப் பழகி வருகிறேன். ‘ப்ளூ’ என்கிற சின்னச் சொல் என்னைப் பாடாய்ப் படுத்துகிறது. ‘ஐ ஃபீல் ப்ளூ’ என்றால் சோகம் என்று பள்ளியிலேயே சொல்லித் தந்தார்கள். அந்த நம்பிக்கையில், மேடை நகைச்சுவைக் கலைஞர் ஒருவரைப் பற்றி ‘ஹி ஒர்க்ஸ் ப்ளூ’ என்று வந்தபோது ‘அவர் சோகமாக நடிப்பார்’ என்று எழுதினேன். சரிபார்த்தவர் ‘தவறு’ என்று மட்டும் குறித்துத் திருப்பி அனுப்பிவிட்டார். ஆஸ்திரேலியப் படம் ஒன்றில், செம்பட்டை முடிக்காரர் ஒருவரை எல்லோரும் ‘ப்ளூயி’ என்று கூப்பிடுகிறார்கள். இந்தச் சொல்லுக்கு மொத்தம் எத்தனை பொருள்? மனப்பாடம் செய்ய ஒரு பட்டியல் தர முடியுமா? கூடவே இன்னொன்று: ‘ஐ பெயின்டட் த ரூம் ப்ளூ, அண்ட் நௌ ஐ ஃபீல் ப்ளூ’ என்ற வசனத்தை எப்படித் தமிழில் கொண்டுவருவது?
– சப்டைட்டில் பழகும் வாசகி

பதில்: பட்டியல் எந்த நல்ல அகராதியிலும் இருக்கிறது. அதை மனப்பாடம் செய்து பயனில்லை. படம் ஓடிக்கொண்டிருக்கும்போது பதினேழாவது பொருளா பதினெட்டாவது பொருளா என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. மொழிபெயர்ப்பையே தொழிலாக வைத்திருப்பவர்கள் முதலில் பார்ப்பது ‘ப்ளூ’வுக்கு முன்னும் பின்னும் என்ன நிற்கிறது என்பதை. அடுத்ததாக, பேசுகிறவர் எந்த நாட்டுக்காரர் என்பதை. இந்த இரண்டிலேயே முக்கால்வாசிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

முதலில் முன்னால் நிற்கும் குட்டிச் சொல்லைக் கவனியுங்கள். ‘த ப்ளூ’ என்று வந்தால் பெரும்பாலும் ஆகாயம், சில நேரம் கடல். ‘த ப்ளூஸ்’ என்று ஒரு ‘ஸ்’ ஒட்டிக்கொண்டால் மனச்சோர்வு, அல்லது அந்தப் பெயரில் இருக்கும் இசை. ‘எ ப்ளூ’ என்று வந்தால் ஆள் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பக்கமா, ஆஸ்திரேலியாவா என்று பார்க்க வேண்டும். எதுவுமே இல்லாமல் ‘ஃபீல்’, ‘லுக்’ போன்ற வினைக்குப் பின்னால் தனியாக நின்றால்தான் உங்கள் பள்ளிக்கூடத்துச் சோகம். அதிலும் ‘லுக்’ கொஞ்சம் ஏமாற்றும். அதற்குப் பிறகு வருகிறேன்.

இன்னொரு சோதனையும் உண்டு. ‘ப்ளூ’வுக்கு முன்னால் ‘வெரி’ அல்லது ‘எ பிட்’ போட்டுப் பாருங்கள். ‘எ பிட் ப்ளூ’ என்றால் கொஞ்சம் வாட்டமாக இருக்கிறான் என்று பொருள் நிற்கும். ‘வெரி ப்ளூ ஜோக்’ என்றால் ரொம்பப் பச்சையான ஜோக் என்று நிற்கும். ஆனால் ‘வெரி ப்ளூ-சிப்’ என்றால் உதைக்கும். அங்கே ‘ப்ளூ’ தனிச்சொல் இல்லை, அடுத்த சொல்லோடு சேர்ந்து ஒரே பெயராகிவிட்டது. அதைப் பிரித்து நிறம் தேடக் கூடாது.

இப்போது உங்களைத் திருப்பி அனுப்பிய வாக்கியம். ‘ஹி ஒர்க்ஸ் ப்ளூ’ என்றால் அந்தக் கலைஞர் ஆபாச ஜோக்குகளை வைத்துப் பிழைக்கிறவர் என்று பொருள். மேடை நகைச்சுவை உலகில் புழங்கும் பேச்சு இது. ‘ப்ளூ ஜோக்’, ‘ப்ளூ ஹியூமர்’, ‘ப்ளூ மூவி’ எல்லாம் இந்தக் குடும்பம். ‘நீலப்படம்’ என்று தமிழிலும் இது வந்து உட்கார்ந்துவிட்டது, ஆனால் படத்தோடு நின்றுவிட்டது. ‘நீல ஜோக்’ என்றால் நமக்கு ஒன்றும் புரியாது. தமிழில் அந்த வேலையைப் பச்சை செய்கிறது: ‘பச்சையாகப் பேசுவார்’, ‘பச்சை பச்சையாக ஜோக் அடிப்பார்’. ஆகவே உங்கள் வரி ‘மேடையில் பச்சையாகப் பேசுவார்’ என்று இருந்திருக்க வேண்டும். பாத்திரம் நாகரிகமாகப் பேசுகிறவர் என்றால் ‘இரட்டை அர்த்தத்துக்குப் பேர்போனவர்’ என்று எழுதலாம். ஆனால் இது கொஞ்சம் மென்மை. ‘ஒர்க்ஸ் ப்ளூ’ என்பவர் இரண்டாவது அர்த்தத்தை ஒளிக்கிற ஆளே கிடையாது.

இந்த இடத்தில் ‘ப்ளூ பென்சில்’ குறுக்கே வந்தால் குழம்பாதீர்கள். அது ஆபாசத்தை வெட்டுகிற பென்சில். பதிப்பாசிரியர் அல்லது தணிக்கையாளரின் கையில் இருப்பது. பிரிட்டனில் 1737 முதல் 1968 வரை மேடை நாடகங்களுக்கு லார்டு சேம்பர்லின் என்ற அரண்மனை அதிகாரியின் அனுமதி வேண்டியிருந்தது. அவர் அலுவலகத்தின் நீலப் பென்சில் மிகவும் பிரசித்தம். ‘ப்ளூ ஜோக்கை ப்ளூ-பென்சில் செய்தார்கள்’ என்று ஒரே மூச்சில் சொல்ல ஆங்கிலத்தில் இடம் இருக்கிறது. தமிழில் ‘பச்சை ஜோக்கை வெட்டிவிட்டார்கள்’ என்று போட்டு நகர வேண்டியதுதான்.

சோகத்துக்கு வருவோம். 18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் மனம் சோர்ந்து கிடப்பதை ‘ப்ளூ டெவில்ஸ்’ பிடித்ததாகச் சொன்னார்கள், அதாவது நீலப் பேய்கள். ‘த ப்ளூஸ்’ என்ற வடிவமும் பழையதுதான். டேவிட் கேரிக் என்ற புகழ்பெற்ற லண்டன் நடிகர் 1741-இல் எழுதிய கடிதத்திலேயே அது இருக்கிறது. அமெரிக்காவின் தென்பகுதியில் கறுப்பின மக்களிடம் உருவான இசைக்கும் பிறகு இதே பெயர் நிலைத்தது. டபிள்யூ. சி. ஹேண்டி 1912-இல் வெளியிட்ட ‘மெம்ஃபிஸ் ப்ளூஸ்’ அந்தப் பெயரை அச்சில் பரப்பிய முக்கியமான பாடல்களில் ஒன்று. அந்த இசையில் மூன்றாவது, ஐந்தாவது, ஏழாவது சுரங்களைக் கொஞ்சம் இறக்கிப் பாடுவார்கள். அப்படி இறங்கிய சுரத்துக்கு ‘ப்ளூ நோட்’ என்று பெயர். சப்டைட்டிலில் இசை என்றால் ‘ப்ளூஸ்’ என்றே விடுங்கள். யாராவது அதைச் ‘சோக கீதம்’ என்று எழுதினால் எனக்குக் கோபம் வரும். ப்ளூஸில் கிண்டல் உண்டு, காமம் உண்டு, காசில்லாத கவலை உண்டு, ஆட்டமும் உண்டு.

ஆளைச் சொல்லும்போது ‘ப்ளூ’ எவ்வளவு சோகம் என்ற அளவு முக்கியம். துக்க வீட்டு அழுகைக்கு இந்தச் சொல் வராது. மழை நாளில் சும்மா உட்கார்ந்திருக்கிற வாட்டம், பிரிந்துபோனவரை நினைத்து ஒரு மந்தம், அவ்வளவுதான். ‘துயரத்தில் ஆழ்ந்தேன்’ என்று எழுதினால் பாத்திரம் திடீரென்று நாடக மேடையில் ஏறிவிடும். ‘மனசே சரியில்லை’, ‘ஒரு மாதிரி இருக்கு’, ‘ஏன் வாட்டமா இருக்க?’ – இவை போதும்.

‘லுக்’ ஏமாற்றும் என்றேன் அல்லவா? நண்பன் ‘யூ லுக் ப்ளூ’ என்றால் வாட்டம். மருத்துவமனைக் காட்சியில் செவிலியர் ‘ஷீஸ் ப்ளூ!’ என்று கத்தினால் அது அப்பட்டமான நிறம்: ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்து உதடும் நகமும் நிறம் மாறியிருக்கின்றன. இதற்குத் தமிழில் அச்சாகப் பொருந்தும் சொல் கையிலேயே இருக்கிறது: ‘உடம்பு நீலம் பாரிச்சிடுச்சு!’ பிறவியிலேயே இதயக் கோளாறோடு பிறந்து நீலம் பாரித்திருக்கும் குழந்தைகளைத்தான் ‘ப்ளூ பேபி’ என்றார்கள். அந்தக் குழந்தைகளுக்காக அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 1944-இல் நடந்த புகழ்பெற்ற அறுவை சிகிச்சையின் பின்னால் இருந்த மூவர் ஆல்ஃபிரட் பிளாலாக், ஹெலன் டாசிக், விவியன் தாமஸ். அந்தக் காலத்துக் கதை எதையாவது எழுத நேர்ந்தால் ‘சோகக் குழந்தை’ என்று போட்டுவிடாதீர்கள்! ஒலிபெருக்கியில் ‘கோட் ப்ளூ’ என்று வந்தால் யாருக்கோ இதயமோ மூச்சோ நின்றுவிட்டது என்ற அவசர அழைப்பு. அதை ‘கோட் ப்ளூ’ என்றே விடலாம். ஓடுகிற டாக்டர்களே மீதியைச் சொல்லிவிடுவார்கள்.

அடி வாங்கியவரை ‘பிளாக் அண்ட் ப்ளூ’ என்பதும் உடம்பின் நிறம்தான், ஆனால் நமக்குக் ‘கன்றிப்போச்சு’ இருக்கிறது. கருநீலம் தேவையில்லை. ‘டில் யூ ஆர் ப்ளூ இன் த ஃபேஸ்’ என்பது மூச்சுமுட்டப் பேசியும் பலனில்லை என்பது: ‘தொண்டைத் தண்ணி வத்தக் கத்தினாலும்…’ ‘டாக் எ ப்ளூ ஸ்ட்ரீக்’ என்றால் ஓயாமல் பொரிந்து தள்ளுவது. ‘ஸ்க்ரீம் ப்ளூ மர்டர்’ என்றால் கொலை எதுவும் நடக்கவில்லை. ஊரைக் கூட்டுகிற மாதிரி அலறுகிறார்கள், அவ்வளவுதான். பின்னதை பிரிட்டிஷ்காரர் சொல்வார். அமெரிக்கர் ‘ப்ளூ’வை எடுத்துவிட்டு ‘பிளடி’ போடுவார்.

ஆகாயம் வரும் தொடர்கள் எளிது. ‘அவுட் ஆஃப் த ப்ளூ’ என்பதில் அந்த ‘ப்ளூ’ மேகமில்லாத வானம். அங்கிருந்து இடி விழுந்தால் எப்படி எதிர்பார்த்திருக்க மாட்டோமோ, அப்படி. ‘திடீர்னு வந்து நிக்கிறான்’, ‘சொல்லாம கொள்ளாம’ என்று இடத்துக்கு ஏற்ப எழுதுங்கள். ‘எ போல்ட் ஃப்ரம் த ப்ளூ’ கெட்ட செய்தி என்றால் ‘தலையில் இடி விழுந்த மாதிரி’ நேராகவே பொருந்துகிறது. இடி இரண்டு மொழிக்கும் பொது. அலுவலகக் காட்சிகளில் வரும் ‘ப்ளூ-ஸ்கை திங்கிங்’ என்பது காசு, நேரம், சாத்தியம் எதையும் பார்க்காமல் யோசிப்பது. ஆங்கிலம் பேசுகிறவர்களிலேயே பல பேருக்கு இந்தத் தொடர் எரிச்சல் தரும் என்பதால், யார் வாயில் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அலட்டுகிற மேலாளர்தான்.

‘ப்ளூ மூன்’ பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், அதில் பொருள் இரண்டு. ‘ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்’ என்றால் மிக அபூர்வமாக. ‘அத்தி பூத்தாற்போல்’ என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். ஆனால் வானியல் செய்தியிலோ ஆவணப்படத்திலோ ‘ப்ளூ மூன்’ வந்தால் அது ஒரு கணக்கு. ஒரு பௌர்ணமிக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 29½ நாள். மாதத்தின் முதல் தேதியிலோ அதை ஒட்டியோ ஒரு பௌர்ணமி வந்தால், அதே மாதக் கடைசியில் இன்னொன்றுக்கு இடம் கிடைக்கும். அந்த இரண்டாவதுதான் இன்று ‘ப்ளூ மூன்’ எனப்படுகிறது. பிப்ரவரியில் இதற்கு வழியே இல்லை. பழைய கணக்கு வேறு. ஒரு பருவத்தில் வழக்கமான மூன்றுக்குப் பதில் நான்கு பௌர்ணமி வந்தால், அதில் மூன்றாவதுக்குத்தான் அமெரிக்காவின் மெய்ன் மாநில விவசாயப் பஞ்சாங்கம் அந்தப் பெயரைக் கொடுத்தது. 1946-இல் ‘ஸ்கை அண்ட் டெலஸ்கோப்’ என்ற வானியல் இதழில் எழுதியவர் அந்த விதியைத் தவறாகப் புரிந்துகொண்டு, மாதத்தின் இரண்டாவது பௌர்ணமி என்று எழுதிவிட்டார். பிழை ஊரெங்கும் பரவி இப்போது அதுவே வழக்கு. எந்தக் கணக்கில் பார்த்தாலும் 19 ஆண்டில் ஏறக்குறைய ஏழு முறை வருகிறது. அத்தி பூப்பதைவிட அடிக்கடிதான்!

அந்த நிலா நீலமாகத் தெரியாது என்பதையும் ஆவணப்பட வரியில் மறந்துவிடாதீர்கள். ‘நீல நிலா’ என்று எழுதினால் பார்வையாளர் வானத்தில் நிறத்தைத் தேடுவார். உண்மையிலேயே நீலமாகத் தெரிந்த நிலாவும் உண்டு. 1883-இல் இந்தோனேசியாவின் க்ரகட்டோவா எரிமலை வெடித்த பிறகு, காற்றில் மிதந்த துகள்கள் சிவப்பொளியைச் சிதறடித்ததால் உலகின் பல இடங்களில் நிலா நீலமாகவும் பச்சையாகவும் தெரிந்தது. அப்படிப்பட்ட காட்சியில்தான் ‘நீல நிலா’ சரி.

அடுத்தது காசும் வேலையும். இவை எல்லாமே ஒட்டுச்சொற்கள், நிறத்தை மறந்துவிடலாம். ‘ப்ளூ-காலர்’ என்றால் உடலுழைப்புத் தொழிலாளி. அழுக்கு தெரியாத நீலத் துணிச் சட்டையில் பிறந்த பெயர், 1920-களின் அமெரிக்க வழக்கு. ‘ப்ளூ-சிப்’ வந்தது போக்கர் சீட்டாட்டத்திலிருந்து. அங்கே வெள்ளை, சிவப்பு, நீல வில்லைகளில் நீலத்துக்குத்தான் மதிப்பு அதிகம். அதனால் பங்குச் சந்தையில் பெரிய, நம்பகமான நிறுவனத்தின் பங்குக்கு அந்தப் பெயர். ‘ப்ளூப்ரின்ட்’ வேதியியலில் பிறந்தது. ஜான் ஹெர்ஷல் 1842-இல் கண்டுபிடித்த சயனோடைப் முறையில் வரைபடத்தைப் படியெடுத்தால் நீலத் தாளில் வெள்ளைக் கோடாக விழும். அந்தத் தாள் வழக்கொழிந்து பல பத்தாண்டுகள் ஆகியும் பெயர் மட்டும் இருக்கிறது. திருட்டுக் கும்பல் மேஜையில் விரித்துப் பார்த்தால் ‘கட்டட வரைபடம்’, அரசியல்வாதி பேசினால் ‘செயல்திட்டம்’.

மனிதர்களுக்கு ஒட்டும் ‘ப்ளூ’க்களில் ‘ப்ளூ-ஐட் பாய்’ பிரிட்டிஷ் வழக்கு: மேலதிகாரியின் செல்லப்பிள்ளை. கண் நிறத்தைச் சொல்கிறார்களா, செல்லத்தைச் சொல்கிறார்களா என்று காட்சியே காட்டிவிடும். ‘ப்ளூ பிளட்’ ஸ்பெயினிலிருந்து மொழிபெயர்ப்பாக வந்தது. காஸ்டில் பகுதி உயர்குடியினர் தங்களிடம் மூர் (வட ஆப்பிரிக்க முஸ்லிம்) கலப்போ யூதக் கலப்போ இல்லை என்பதற்கு, வெளுத்த தோலில் நீலமாகத் தெரியும் நரம்பைச் சாட்சியாகக் காட்டினார்கள். பெருமையாகச் சொல்லப்பட்டாலும் வேரில் இனவெறி இருக்கிறது. ‘மேட்டுக்குடி ரத்தம்’ என்ற தமிழில் அந்தத் திமிர் கொஞ்சம் ஒட்டும். ‘ப்ளூஸ்டாக்கிங்’ சரித்திரத் தொடர்களில் வரும். 18-ஆம் நூற்றாண்டு லண்டனில் எலிசபெத் மான்டகு போன்ற பெண்கள் நடத்திய இலக்கியக் கூட்டங்களுக்கு, பெஞ்சமின் ஸ்டில்லிங்ஃப்ளீட் என்பவர் விருந்துக்குரிய பட்டுக் காலுறையை விட்டுவிட்டு அன்றாட நீலக் கம்பளிக் காலுறையில் வந்ததாகச் சொல்வார்கள். காலுறை போட்டது ஆண், வசவு விழுந்தது பெண்கள் தலையில்: பிற்காலத்தில் படித்த பெண்ணைக் கேலி செய்யும் சொல்லாக அது மாறிப்போனது. ‘மேதாவிப் பொம்பளை’ என்றால் தொனி ஓரளவு வந்துவிடும்.

அரசியல் வசனம்தான் மோசமான பொறி. பிரிட்டனில் நீலம் கன்சர்வேட்டிவ் கட்சி, அதாவது வலதுசாரி. அமெரிக்காவில் ‘ப்ளூ ஸ்டேட்’ என்றால் டெமாக்ரட்டுகளுக்கு வாக்களிக்கும் மாநிலம், நேர்மாறு. அமெரிக்கப் பழக்கமும் பழையதல்ல. 1980-இல் டெமாக்ரட்டுகளின் எதிர்க்கட்சியான ரிபப்ளிகன் கட்சியின் ரீகன் வென்ற மாநிலங்களை என்பிசி தொலைக்காட்சி நீலத்தில்தான் காட்டியது. 2000-ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பிறகுதான் இன்றைய நிறப் பிரிவினை நிலைத்தது. ‘ட்ரூ ப்ளூ’வும் அப்படித்தான். பிரிட்டனில் அசைக்க முடியாத கன்சர்வேட்டிவ், அமெரிக்காவில் விசுவாசி, ஆஸ்திரேலியாவில் அசல் மண்ணின் மைந்தன்.

ஆஸ்திரேலியாவுக்கு வந்துவிட்டோம், உங்கள் ‘ப்ளூயி’யைப் பார்த்துவிடலாம். செம்பட்டை முடிக்காரரை நீலம் என்று கூப்பிடுவது வேண்டுமென்றே செய்கிற தலைகீழ்க் கிண்டல். அந்த நாட்டு நகைச்சுவையே அப்படி. இதைப் பட்டப்பெயராக ‘ப்ளூயி’ என்றே விடுங்கள். மொழிபெயர்த்தால் விளக்கம் எழுத வேண்டிவரும், சப்டைட்டிலில் விளக்கத்துக்கு இடமில்லை. அதே படத்தில் ‘தே ஹேட் எ ப்ளூ’ என்று வந்தால் சண்டை போட்டார்கள் என்று பொருள். ‘ஐ மேட் எ ப்ளூ’ என்றால் தப்புப் பண்ணிவிட்டேன். இதே ‘எ ப்ளூ’வை ஆக்ஸ்ஃபோர்டு பட்டதாரி சொன்னால் சண்டையும் இல்லை, தப்பும் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் தன் பல்கலைக்கழகத்துக்காக ஆடியதற்கான கௌரவம் அது. ‘ஹி காட் ஹிஸ் ப்ளூ’ என்றால் ‘பல்கலைக்கழக அணியில் ஆடியவர்’ என்று எழுதுங்கள்.

கடைசியாக அந்தச் சிலேடை: ‘ஐ பெயின்டட் த ரூம் ப்ளூ, அண்ட் நௌ ஐ ஃபீல் ப்ளூ’. ஒரே சொல்லை இரண்டு முறை தமிழில் வைக்க முயலாதீர்கள். ‘நீலமாக உணர்கிறேன்’ என்பது யார் பேச்சிலும் இல்லை. முதல் பாதியில் நீலத்தை விட முடியாது, திரையில் சுவர் நீலமாக இருக்கிறது. இரண்டாம் பாதிக்குத் தமிழ் எந்த நிறத்தில் வருத்தப்படுகிறது என்று பாருங்கள். நமக்கு முகம் கறுக்கும், மனசு இருளும். ஆகவே:

‘நீலம் அடிச்சது சுவருக்கு,
கறுத்துப்போனது என் முகம்!’

இரண்டு வரிக்குள் அடங்குகிறது, நிறமும் விளையாடுகிறது. பாத்திரம் சிரித்துக்கொண்டே சொல்கிற வசனம் என்றால் இது சரி. அழுதுகொண்டே சொன்னால் விளையாட்டை விட்டுவிட்டு ‘அறைக்கு நீலம் அடிச்சேன், மனசே இருண்டுபோச்சு’ என்று எழுதி அனுப்புங்கள்.